மூன்றரை அடி விமானம்

காப்பியடித்த பிள்ளைகளைப் பிடிப்பதில் ரத்தினபாய் டீச்சருக்கு ஒரு தனி வழி இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தவர். பரீட்சை ஹாலில் யாரையும் முறைக்க மாட்டார். ஜன்னலோரமாக நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் நிம்மதியாக எட்டிப் பார்த்து எழுதுவார்கள். வேட்டையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் திருத்தும்போதுதான்.

"சரியான விடை நாலு பேருக்கு ஒண்ணா வரலாம். தப்பு எப்படி ஒண்ணா வரும்? தப்பு அவனவன் சொந்தச் சரக்கு" என்பார்.

இப்படி மாட்டியவர்களில் ஒருவன் ஊரப்பாக்கத்துக் குமரேசன். அரையாண்டுத் தேர்வில் லென்ஸின் குவியத் தூரம் இருபது லிட்டர் என்று எழுதியிருந்தான். முன் பெஞ்சுப் பையனும் இருபது லிட்டர். டீச்சர் இருவரையும் கூப்பிட்டு, "லென்ஸ்ல பால் கறந்தீங்களாப்பா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார். அடித்திருந்தால் ஒரு நாளில் மறந்திருக்கும். குமரேசனுக்கு அந்த வருஷம் முழுக்க 'லிட்டரு' என்றே பெயர் நின்றது.

அந்தக் குமரேசன்தான், இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு காலையில், இரண்டு கைப்பேசியும் ஒரு பை மாதுளம்பழமுமாக சேலையூரில் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இப்போது 'ர்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் ஏரிக்கரை நிலத்தை மனை போட்டு விற்று, அந்தப் பணத்தில் அடுத்தவர் நிலத்தையும் வாங்கி மனை போட்டு, ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே நாலைந்து நகர்களுக்குத் தன் வீட்டுப் பெண்களின் பெயரை வைத்தவர். மனை வியாபாரம் கொஞ்சம் படுத்ததும் கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியைப் பிடித்து 'ககனம் ஏவியேஷன் அகாடமி' என்று போர்டு மாட்டியிருந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு சப்ஜெக்ட். நீங்கதான் எடுக்கணும். பர்ஃபாமன்ஸ்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆண்டு விழாவா? டான்ஸெல்லாம் நமக்கு வராதேப்பா."

"ஐய, அது இல்ல டீச்சர். ஏரோப்ளேன் பர்ஃபாமன்ஸ். இம்மாம் வெயிட்டுக்கு இம்மாம் நீளம் ரன்வே வேணும், இம்மாம் எண்ணெய் போடணும், அந்தக் கணக்கு. பைலட் கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒருத்தரு அதப் பார்த்துத் தரணும். டிஸ்பேட்சர்னு பேரு. அந்தப் பரீட்சைக்கு என்கிட்ட அஞ்சு பசங்க படிக்குது. சொல்லித் தந்த மாஸ்டரு துபாய்ல வேலை கெடச்சுப் பூட்டாரு."

"நான் ப்ளேன்ல ஏறினதே இல்லையே குமரேசா."

"நானும்தான் ஏறல டீச்சர். அகாடமியே வெச்சிட்டேன்."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வேதசிரோமணி, டீச்சரின் கணவர், ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரைத் தாழ்த்தாமலே, "பிசிக்ஸ்தானே, ரத்தினம். மேல போறது, கீழ வர்றது" என்றார். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று அளந்து பேசுகிற மனிதர். அன்றைய ரேஷனை இதில் செலவழித்துவிட்டார்.

டீச்சருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாக, பேச ஆளில்லாமல் தொண்டை துருப்பிடித்துக் கிடந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

சொன்ன அன்று மாலையே முதல் அடி விழுந்தது. இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக் கொடுத்து வந்தார். இணையத்தில் உருப்படியாக இருந்த எல்லாப் பக்கமும் அதைப் பொய் என்றது. இன்னாரோடு போய்ச் சேர வேண்டும் என்று காற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லையாம். டீச்சர் லேப்டாப்பை மூடிவிட்டு ரொம்ப நேரம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எதையும் லேசில் நம்புவதில்லை என்று முடிவு. நல்ல புத்தகமாகப் பார்த்துப் படித்து, அப்புறம்தான் வாயைத் திறப்பது. ஆனால் நல்ல புத்தகம் எது என்று யாரைக் கேட்பது? முதலில் கிடைத்தது இணையத்தில் விமானங்களுக்கான ஒரு சட்டப் புத்தகம். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் வேறொரு பத்தியைப் பார் என்று அனுப்பியது. அங்கே போனால் அது இன்னொரு பத்தியைக் கைகாட்டியது. சம்பள பாக்கிக்காகக் கல்வி அலுவலகத்துக்கு அலைந்த காலம் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. அடுத்தது ஒரு தடித்த பாடப்புத்தகம். விமானத்தை வடிவமைப்பவர்களுக்கானது, முதல் அத்தியாயத்திலேயே தொகையீடு, அதாவது இன்டெக்ரேஷன் கணக்கு, போட ஆரம்பித்து கடைசி வரை நிறுத்தவே இல்லை. மூன்றாவது, சின்ன விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கான கையேடு. படமெல்லாம் அழகு, ஆனால் அதில் வருகிற விமானத்தில் நாலு பேர்தான் உட்கார முடியும். இது போதாதென்று வீடியோக்கள். ஒரு பையன் இமயமலைப் பின்னணியில் நின்றுகொண்டு, இந்த சப்ஜெக்ட்டைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லி, அதில் நாலு நிமிஷம் தன் சேனலைப் பற்றியே பேசினான்.

முதல் வகுப்புக்குப் போனபோது குமரேசன் பெருமையாக ஒரு ஸ்பைரல் நோட்ஸை நீட்டினார். "இத வெச்சிதான் அந்த மாஸ்டரு ஓட்டினாரு டீச்சர். செம்ம மெட்டீரியல்."

டீச்சர் அன்று பாடம் நடத்தவில்லை. பேர் கேட்டு, ஊர் கேட்டு, நோட்ஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து படித்ததில் ஓரிடத்தில் தடுக்கியது. விமானம் ஓட ஆரம்பித்த இடத்திலிருந்து, கிளம்பி, தரையைவிட்டு ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்து சேரும் வரை உள்ள தூரத்தைத்தான் டேக் ஆஃப் தூரம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த உயரம் மூன்றரை அடி என்றது நோட்ஸ்.

"என்னங்க, மூணரை அடின்னா எவ்வளவு உயரம்?"

வேதசிரோமணி எழுந்துபோய் டேப்பை எடுத்து வந்தார். வாசல் காம்பவுண்ட் சுவரை அளந்தார். மூன்றரை அடிக்கு இரண்டு விரற்கடை அதிகமாக இருந்தது. சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சட்டப் புத்தகத்தில் தேடினால் முப்பத்தைந்து அடி என்று ஒரு பத்தியில் இருந்தது. இன்னொரு பத்தியில் பதினைந்து. சின்ன விமானக் கையேட்டில் ஐம்பது. டீச்சருக்குத் தலை சுற்றியது. ஒரு விமானம் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதில் மூணு புத்தகத்துக்கு நாலு கருத்து என்றால், ஆட்கள் எந்தத் தைரியத்தில் அதில் ஏறி உட்கார்கிறார்கள்?

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னதும், ஐந்து பேரில் கெட்டிக்காரியான ரேஷ்மா பையிலிருந்து இன்னும் இரண்டு நோட்ஸை எடுத்தாள். பெருங்களத்தூர்ப் பெண். பி.எஸ்சி. முடித்து ஒரு வருஷம் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, அது பிடிக்காமல் இங்கே வந்தவள்.

"இது ஹைதராபாத் நோட்ஸ் மேடம், டெலிகிராம்ல வாங்கினேன். இது டெல்லி நோட்ஸ், கலர் பிரிண்ட். ரெண்டுலயும் மூணரைதான் இருக்கு. மூணு ஊர்க்காரங்களும் ஒண்ணா சொன்னா சரியாத்தானே மேடம் இருக்கும்?"

டீச்சர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். பழைய உற்சாகம் ஒன்று விரல் நுனிக்கு வந்தது. பக்கங்களைப் புரட்டினார். ஓடுபாதைக்கு முன்னால் இருக்கும் தடங்கலைக் குறிக்க 'obstacle' என்று எழுத வேண்டிய இடத்தில் ஸ்பைரல் நோட்ஸ் 'obstcale' என்றது. ஹைதராபாத்தும் 'obstcale' என்றது. டெல்லி அதையே பெரிய எழுத்தில், மஞ்சள் கட்டம் போட்டுச் சொன்னது.

"மூணு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுதியிருக்காங்கம்மா" என்றார் டீச்சர்.

கதவருகே நின்றிருந்த குமரேசனுக்கு ஏனோ வியர்த்தது. லிட்டர் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் மனைக்காரர் விழித்துக்கொண்டார்.

"டீச்சர், இது நம்ம தொழிலு. ஒரே எடத்துக்கு மூணு பேரு பத்திரம் காட்றான். அப்ப இன்னா பண்ணுவோம்? தாய்ப்பத்திரம் எங்கன்னு கேப்போம். வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இது யாருகிட்டேர்ந்து யாருக்குக் கைமாறிச்சுன்னு பின்னாடியே போனா தெரிஞ்சிடப் போவுது. நாளைக்கு வண்டி எடுத்தாறேன், கிளம்புங்க."

இயற்பியல் ஒன்றும் ஏறாத மண்டை என்று தான் எழுதி வைத்திருந்த பையனை டீச்சர் அன்றுதான் புதிதாகப் பார்த்தார்.

மறுநாள் குமரேசனின் வெள்ளைக் காரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வில்லங்கம் பார்க்கப் புறப்பட்டார்கள். துபாய் மாஸ்டர் போனில், தான் அதைப் பல்லாவரத்தில் படித்தபோது வாங்கியதாகச் சொன்னார். பல்லாவரத்தில் அந்தப் பயிற்சி மையம் இருந்த இடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு காலத்தில் ஆபீஸ் பார்த்தவரை குமரேசன் தன் தரகர் கூட்டத்தின் வழியாக அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார். அவர், "நாங்க எங்க சார் எழுதினோம்? குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில செட்டா விப்பாங்க, வாங்கி அட்டை மாத்துவோம்" என்றார் வெட்கமே இல்லாமல்.

ஜெராக்ஸ் கடை இன்னும் இருந்தது. நடத்தியவர் செல்லியம்மாள் என்ற அம்மாள். குமரேசன் விஷயத்தைச் சொன்னதும், கல்லாவுக்குக் கீழே இருந்த பழைய பேப்பர்க் கட்டுகளைக் கிளறி, பழுப்பேறிப் போன ஒன்றை எடுத்துத் தட்டினார்.

"சிட்லபாக்கத்து சார் ஒருத்தரு கையெழுத்துல எழுதினது. அவரு தங்கச்சி பொண்ணுக்கு ஒரு செட் எடுக்க வந்தாரு. நான் பசங்களுக்கு ஆவும்னு இன்னொண்ணு எடுத்து வெச்சிக்கினேன். எவ்ளோ பேரு வாங்கிகினு போனாங்க தெரியுமா."

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்குக்கு அருகில் பிடித்தார். மூன்று. ஒரு புள்ளி. ஐந்து. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ஒரு புள்ளி, ஒரு வார்த்தையின் நடுவில், அதே உயரத்தில், இடது ஓரத்திலிருந்து அதே தூரத்தில். அடுத்த பக்கத்தில் புள்ளி வெற்றிடத்தில் கிடந்தது. அதற்கடுத்ததில் ஒரு வட்டத்துக்குள் கண் மாதிரி இருந்தது.

"ஏம்மா, இது எல்லாப் பக்கத்துலயும் ஒரே இடத்துல இருக்கே?"

செல்லியம்மாள் எட்டிப் பார்த்தார். "ஓ, அதுவா. கொசு."

"கொசுவா?"

"பழைய மிஷின்ல கண்ணாடிக்கு அடியில பூந்து செத்துப் போச்சும்மா. மெக்கானிக்கு வர்றதுக்கு ஒரு வாரம் ஆச்சு. அது வரைக்கும் எது அடிச்சாலும் அது வுழும். கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அடிச்சேன், மாப்பிள்ளை பேருக்கு மேல வுழுந்து பேரே மாறிப் போச்சு. பேஜாரா பூட்ச்சு அந்த வாரம்."

டீச்சர் அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். குரோம்பேட்டையில் செத்த ஒரு கொசு, பல்லாவரம் போய், ஹைதராபாத் போய், டெல்லியில் கலர் பிரிண்ட்டாக மஞ்சள் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு தட்டச்சு செய்தவர்கள் மற்றப் பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் அழுக்கு என்று விட்டுவிட்டு, எண்ணுக்கு நடுவில் விழுந்ததை மட்டும் பயபக்தியோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது அவருக்கு. வெகுநாளைக்குப் பிறகு கண்ணில் நீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செல்லியம்மாள் கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தால், அவரும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

செல்லியம்மாளே வழி சொல்லி அனுப்பினார். சிட்லபாக்கத்து சாரின் பெயர் கஸ்தூரிரங்கன். விமானக் கம்பெனி ஒன்றில் இதே கணக்கைப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹாலில் டீச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் உள்ளே போய்த் தன் மூலப் பிரதியைக் கொண்டுவந்து பிரித்தார். அகல அகலமாக எழுதுகிற கை. முப்பத்தைந்தின் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகலாம். புள்ளி இல்லை.

"அப்ப இத்தனை வருஷமா என் நோட்ஸைப் படிச்சிட்டு பசங்க மூணரை அடியில பறந்துண்டிருக்காளா?"

"பரீட்சையிலதான் சார்" என்றார் குமரேசன் சமாதானமாக. "நெசத்துல மேலதான் போறாங்க."

டீச்சர் பவ்யமாக, "சார், உங்க ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா? திருத்தி வெச்சுப் பாடம் நடத்திடுவேன்" என்று கேட்டார்.

"எதுக்கும்மா? இது ஒரே ஒரு விமானத்துக்கு எழுதினது. அந்த விமானத்தையெல்லாம் எப்பவோ உடைச்சு எடைக்குப் போட்டாச்சு. இதுல இருக்கிற எந்தச் சார்ட்டும் இன்னிக்குப் பறக்கிற எதுக்கும் பொருந்தாது."

குமரேசன் டீச்சர் பக்கம் சாய்ந்து, "தாய்ப்பத்திரம் கெடச்சிட்ச்சு டீச்சர். நெலந்தான் ஏரிக்குள்ள பூட்ச்சு" என்று முணுமுணுத்தார்.

வந்தது வீணா என்று டீச்சருக்கு முகம் வாடியது. கஸ்தூரிரங்கன் அதைக் கவனித்தாரோ என்னவோ, குரலைத் தணித்தார்.

"நீங்க என்னெல்லாம் படிச்சேள், சொல்லுங்கோ."

டீச்சர் சட்டப் புத்தகத்தைச் சொன்னார். நாலு பேர் விமானக் கையேட்டைச் சொன்னார். தொகையீட்டுப் புத்தகத்தைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார். பதினைந்து, முப்பத்தைந்து, ஐம்பது என்று மூன்று உயரம் சொல்கின்றன என்று புகாரும் செய்தார்.

"மூணும் சரி" என்றார் கஸ்தூரிரங்கன். "பெரிய விமானம், காய்ஞ்ச ரன்வேன்னா முப்பத்தஞ்சு. அதே விமானம், மழையில நனைஞ்ச ரன்வேல ஒரு எஞ்சின் போயிட்டா, பதினஞ்சு அடிதான் வரும்னு ஒத்துக்கறா. சின்ன விமானத்துக்கு ஐம்பது. எந்த விமானம், எந்த ரன்வேன்னு சொல்லாம வெறும் நம்பரை மட்டும் குடுக்கிற காகிதம் எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்கோ. நான் எழுதினதா இருந்தாலும்."

பிறகு, தான் வேலையில் இருந்தபோது எப்படிப் படித்தேன் என்று சொன்னார். விஷயம் புரிவதற்கு அந்தச் சின்ன விமானக் கையேடே போதும். அதில் கணக்குகள் படிப்படியாகப் போட்டுக் காட்டியிருக்கும். சண்டை வந்தால் தீர்ப்பதற்குச் சட்டப் புத்தகம். அதை வரிசையாகப் படிக்கவே கூடாது, கேள்வியோடு போய்ப் பதிலோடு வர வேண்டும். நிஜமாகக் கணக்குப் போட உட்காரும்போது அந்தந்த விமானத்தைச் செய்த கம்பெனியின் சொந்தக் கையேடு, அதுவும் புதிய பதிப்பு. தொகையீட்டுப் புத்தகம்?

"அது எனக்கும் புரியலை" என்றார். காபி வந்தது.

அகாடமிக்குத் திரும்பும்போது வண்டலூர் நெரிசலில் கார் நின்றது. குமரேசன் கேட்டார். "அப்ப ஸ்பைரல் நோட்ஸ் வேணாமா டீச்சர்? பசங்க கையில எதுனா புக்கு குடுக்கலன்னா அப்பா அம்மா சண்டைக்கு வருவாங்களே."

"கையேடு இணையத்துல இலவசமாக் கிடைக்குது குமரேசா. அட்டை மட்டும் நீ போட்டுக்கோ."

அட்டை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

பிள்ளைகள்தான் அவ்வளவு சுலபமாகத் தெளியவில்லை. பழைய நோட்ஸை மேசையில் வைக்கச் சொன்னபோது ஐந்து பேரில் ஒருவன், ஜீவானந்தம் என்று பெயர், தன்னுடையதை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அதில் அவன் நாலு கலரில் கோடு போட்டிருந்தான். ரேஷ்மாவோ வேறு திசையிலிருந்து வந்தாள்.

"மேடம், கேள்வி எடுக்கறவரும் இதே நோட்ஸைப் பார்த்து எடுத்தா? மூணரைன்னுதானே ஆன்சர் வரும்?"

முப்பது வருஷத்தில் டீச்சரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அப்படி வந்தா அந்த ஒரு மார்க்கை விட்டுடும்மா. மிச்சத்தை வாங்கிக்கலாம்" என்றார்.

இன்ன எடைக்கு இன்ன தூரம் என்று சார்ட்டில் கோடு இழுத்துப் பார்ப்பது அலுத்துப்போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு எல்லோரையும் ஊரப்பாக்கத்தில் குமரேசனின் விற்காத மனைகளுக்கு வரச் சொன்னார். நேரான தார் ரோடு, கடைசியில் ஒரு மதில். ரேஷ்மாவின் ஸ்கூட்டிதான் விமானம். அவள் தனியாக ஓட்டி வந்து, டீச்சர் சாக்பீஸால் போட்ட கோட்டில் பிரேக் பிடித்தாள். மதிலுக்கு நிறைய இடம் மிச்சம் இருந்தது. அடுத்து அதே வேகம், அதே கோடு, பின்னால் குமரேசன். அவர் எடை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கூட்டியின் பின் டயர் சொன்னது. பிரேக் பிடித்த வண்டி நகர்ந்துகொண்டே போனது. மதில் நெருங்க நெருங்க, "டீச்சர், டீச்சர்" என்று குமரேசன் சன்னமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வண்டி நின்றபோது அவர் முழங்கால் மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, எடை கூடினா அந்தக் கோடு முன்னாடியே வந்துடணும்" என்றார் டீச்சர், சாக்பீஸைக் கையில் தட்டிக்கொண்டே. "அதுக்குள்ள நிக்கலாமா போலாமான்னு முடிவு பண்ணியாகணும். கோட்டைத் தாண்டிட்டா நிறுத்தறதைப் பத்தி நினைக்கவே கூடாது. கிளம்பித்தான் ஆகணும்."

"எனக்கு கிளம்பறதுக்கு ரெக்கை இல்லியே டீச்சர்" என்றார் குமரேசன், மதிலைப் பிடித்துக்கொண்டே.

பரீட்சையில் ஐந்து பேரில் நாலு பேர் தேறினார்கள். அந்த உயரத்தைப் பற்றிய கேள்வி வந்தது. பதினைந்து, முப்பத்தைந்து, ஐம்பது, அறுபது என்று நாலு விடை கொடுத்திருந்தார்கள். ஜீவானந்தம் மட்டும் அதிலேயே வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, மூணரை போட மறந்துட்டாங்க மேடம், கேள்வித்தாள் தப்பு, கேஸ் போடலாமா என்று கேட்டான். டீச்சர் அவனை உட்கார வைத்து, முதலிலிருந்து, கையேட்டின் முதல் கணக்கிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த தடவை அவனும் தேறிவிட்டான். ஆனால் அந்த நாலு கலர் நோட்ஸை இன்னும் தூக்கிப் போடவில்லை என்று கேள்வி.

ரிசல்ட் வந்த வாரம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் எதிரில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. மேகம், விமானம், விமானத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கும் ரத்தினபாய் டீச்சர். பள்ளியின் பிரிவுபசார விழாப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தோளில் யாரோ போட்ட சால்வை அப்படியே இருந்தது. கீழே 'கேப்டன் ரத்தினபாய்' என்று எழுதியிருந்தது. சர்ச்சில் மூன்று பேர் வந்து, எந்த ஏர்லைன்ஸ் என்று விசாரித்தார்கள். பாஸ்டர், தன் மகன் டிக்கெட்டுக்கு ஏதாவது சலுகை கிடைக்குமா என்று கேட்டார்.

டீச்சர் போனில் குமரேசனைப் பிடித்தார். "நான் எதை ஓட்டினேன்னு கேப்டன் போட்டே?"

"கிளாஸ ஓட்னீங்களே டீச்சர்."

"எடுத்துடு."

எடுக்கவில்லை. 'கேப்டன்' மேல் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் வெள்ளைப் பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்தார்கள். அந்த மாதம் புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வேதசிரோமணி ஒரு நாள் மாலை ரயிலேறிப் போய் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். கால் கழுவிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்க" என்றார்.

ரேஷ்மாவுக்கு ஒரு விமானக் கம்பெனியில் பயிற்சி டிஸ்பேட்சர் வேலை கிடைத்தது. சேர்ந்த ஒரு வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது.

"மேடம், கம்பெனி கையேட்டைக் கையில குடுத்துட்டாங்க. ஈர ரன்வே டேபிள்ல ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டிருக்கு. அது எதுக்குன்னு புரியலை. கேட்டா சிரிப்பாங்களோன்னு இருக்கு."

டீச்சருக்கும் தெரியவில்லை. அந்தக் கையேட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியலைம்மா. அந்தப் பக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்துல ஏதாவது போட்டிருக்கா? இல்லைன்னா முந்தின பக்கத்துக்குப் போ. மெதுவா வாசி, கேட்கிறேன்."

ரேஷ்மா வாசிக்க ஆரம்பித்தாள்.